“செக்கிங்கா, ஊசியா?” – முகாம் வழியே ஐந்து நாள்

நாள் 1: 2022 செப்டம்பர் 21, புதன்

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிக்கும்போது மணி ஆறேகால். கூட வருகிற அக்கா 33 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான். நான் அவருக்குப் பை தூக்குகிறவன், படிவம் எழுதுகிறவன், செல்போனில் ஊசிப் பதிவுக்கான கோவின் தளத்தைத் திறக்கிறவன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் சிலவற்றில் 60 வயது தாண்டியவர்களில் யாருக்கெல்லாம் மூன்றாவது கொரோனா ஊசி பாக்கி என்று வீடு வீடாகக் கேட்டு, அந்தந்தச் சுகாதார நிலையத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும். ஊசி போடுவது அவர்கள், கேட்டு எழுதுவது நாங்கள். 60 தாண்டியவர்களில் வேறு நோய் உள்ளவர்களுக்கு ஜனவரி 10-இல் இருந்தும், மற்றவர்களுக்கு மார்ச்சில் இருந்தும் இது இலவசம். 18 முதல் 59 வரை உள்ளவர்களுக்கான 75 நாள் இலவசம்தான் இந்த 30-ஆம் தேதி முடிகிறது. ஆனால் அந்தத் தேதியோடு மொத்தச் சுறுசுறுப்பும் கலைந்துவிடும், அதற்குள் முடித்தால்தான் உண்டு என்பது அக்காவின் கணக்கு.

மண்டபம் தவிர வேறு முகாமின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று இன்றைய கதையிலேயே தெரியும்.

சென்னைக்கு வடக்கே இருக்கும் முகாம் இது. 1983-க்குப் பிறகு அலை அலையாகப் படகேறி வந்தவர்களில் 58,000 பேர் அளவுக்கு இன்றும் தமிழ்நாட்டின் நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். போன வருடம் ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை அரசு மாற்றியது. பலகையில் புதுப் பெயர் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் மட்டும் “கேம்ப்பா?” என்றுதான் கேட்டார்.

முதல் வரிசையில் முதல் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உள்ளே கிசுகிசு, பிறகு அமைதி. நாலாவது வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பையன்தான் நேராகக் கேட்டான்.

“செக்கிங்கா, ஊசியா?”

ஊசி என்று அக்கா சொன்னதும் அவன் திரும்பி, “அப்பப்பா, ஊசிதான்!” என்று கத்தினான். அப்பாவின் அப்பாவை இவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. எழுபது வயதிருக்கும், திருகோணமலைக்காரர். சட்டை போட்டுக்கொண்டே வந்தார்.

செக்கிங் என்பது தணிக்கை. வருவாய்த் துறையினர் வந்து பதிவேட்டைப் பார்த்துத் தலைகளை எண்ணுவார்கள். எண்ணும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கலாம், போகப் போகப் பதிவே வெட்டுப்படலாம். போன வருட அறிவிப்புக்குப் பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000. திருகோணமலைக்காரரின் மனைவி இன்னொரு முகாமில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் இரண்டு வாரமாகிறதாம். கையில் அட்டையும் காதில் பேனாவுமாக இரண்டு பேர் வரிசையில் வருவதைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்?

“போன வருஷம் முதல் ஊசி ஏத்த வந்தவையும் இப்பிடித்தான், பட்டியலோட. அப்பவும் அவ இங்க இல்லை. இருக்கிறா, கடைக்குப் போட்டா எண்டு சொல்லிப்போட்டன். அவையள் ரெண்டு தரம் வந்து பாத்திட்டு, ‘மறுக்கிறாங்க’ எண்டு எழுதிக்கொண்டு போட்டினம்.”

மறுக்கிறாங்க. பாவம் அந்தம்மா, மறுப்பதற்கு ஊரிலேயே இல்லை. முதல் ஊசி போட்டது நாலு மாதம் கழித்து, அதுவும் மகள் இருக்கும் முகாமிலாம். எங்கள் கையிலிருந்த பழைய தாளிலும் அவர் பெயருக்கு எதிரே ‘விருப்பமில்லை’ என்றுதான் இருந்தது.

அக்கா அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். “இனிமே யார் முன்னாலயும் எழுதாதே. கேட்டு மனசுல வை. டீக்கடைல போய் எழுது.”

சாயங்காலம் டீக்கடையில் எழுதியது 11 பெயர். இரண்டு பேர் வயதை மறந்துவிட்டேன். நாளைக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

நாள் 2: செப்டம்பர் 22, வியாழன்

கிழக்குக் கடற்கரைச் சாலை. புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, கடல் மட்டும் கண்ணில் படவில்லை. கடலோரம் என்று பெயர் வைத்த சாலையில் பாதித் தூரத்துக்கு மேல் ரிசார்ட் சுவர்தான்.

இன்று பார்த்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். 74 வயது அம்மா, மன்னார்ப் பக்கம், தனியாக இருக்கிறார். பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். புது வீடு கட்டும் திட்டம் பல முகாம்களில் நடக்கிறது, இவர் வரிசைக்கு இன்னும் வரவில்லை. சுவரில் மடுமாதா படம், அதற்குக் கீழே செல்போன் சார்ஜர். செல்போன் இல்லை.

இரண்டு ஊசியும் போட்டவர்தான். மூன்றாவது வேண்டாம் என்கிறார். அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பயமா? இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா? சொன்னார்கள், அதை நம்பவில்லை. வேறென்ன?

“காய்ச்சல் வருது, பிள்ளை.”

“ஒரு நாள் வரும்மா. பாராசிட்டமால் போட்டா சரியாயிடும்.”

“அது தெரியும். காய்ச்சலோட ராவில கக்கூசுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

பொதுக் கழிப்பறை வரிசையின் கடைசியில் இருக்கிறது. நடந்து பார்த்தேன், என் காலுக்கு 190 எட்டு. நடுவில் சாக்கடைக்கு மேல் ஒரு கல்பலகை. விளக்கு ஒன்று இருக்கிறது, அது எரிகிற நாளும் உண்டாம். முதல் ஊசி போட்ட இரவு எழுந்து போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் கிடந்திருக்கிறார். மறுநாள் மயக்கம். பக்கத்து வீட்டார் ‘ஊசிதான் ஆளைச் சாய்த்துவிட்டது’ என்றார்கள். அடுத்த வாரம் அந்த வரிசையில் நாலு பேர் போகவில்லை.

வெளியே வந்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “33 வருஷமா பாராசிட்டமால் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். கக்கூஸ் எவ்வளவு தூரம்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல” என்றார்.

அந்த அம்மாவின் மகனுக்குப் பெயின்டிங் வேலை. முகாம் ஆண்களில் பலருக்குப் பெயின்டிங்தான் பிழைப்பு. விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், வேலை வெளியூரில் என்றால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். அம்மாவுக்கு ஒரு நாள் ஊசி, ஒரு நாள் காய்ச்சல் என்றால் மகனுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. அவர் மகனிடம் சொல்லவே இல்லை.

அந்த “யாரோ சொன்னது” பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் செத்துவிடுவார்கள் என்று போன வருடம் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது, நினைவிருக்கும். இங்கேயும் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான் அவர் ஊர் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் சரிந்து, 17-ஆம் தேதி போய்விட்டார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொல்வதற்கு அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் ஆறு மாதம். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் இந்தப் பேச்சு இல்லை? முகாமுக்கென்று தனிப் பயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னதை மட்டும் எழுதிவைக்கிறேன்: “ரெண்டு வருஷமோ? அதுக்குள்ள எங்கள ஊருக்கு விடுவினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ தம்பி.”

நாள் 3: செப்டம்பர் 23, வெள்ளி

திருச்சிப் பக்கம். பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லாமல் முட்டி பிடித்துக்கொண்டது. இன்று சிரித்த நாள்.

சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் செவிலியர் எங்களோடு முகாமுக்கு வந்தார். ஊர் கரூர்ப் பக்கமாம். ஒரு பாட்டியிடம் குனிந்து, “பாட்டி, உங்களுக்கு என்ன பிரச்சினை இருக்கு?” என்று கேட்டார்.

“சீனி வருத்தம் இருக்கு மகள்.”

“சீனியா? ரேஷன்ல போடலையா?”

பாட்டி திகைத்து என்னைப் பார்த்தார். அங்கே வருத்தம் என்றால் நோய், சீனி வருத்தம் என்றால் நம்மூர் சுகர். இதைச் சொன்னதும் செவிலியர் வெட்கப்பட்டுச் சிரித்தார், பாட்டியும் சிரித்தார். ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். “வருத்தம் ஒண்டும் இல்லை” என்று ஒருவர் சொல்ல, ‘கவலை எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பிரஷரைப் பார்க்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. ஊசி ‘ஏத்தினீங்களா’ என்று இவர்கள் கேட்பார்கள், ‘போட்டாச்சா’ என்று நாம் கேட்போம். ஒரே மொழிதானே என்ற நினைப்பில் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

அதே பாட்டி, ஊரில் தன் பிள்ளைகளுக்கு ஊசி ஏற்றிய மிட்வைஃப் அம்மா சைக்கிளில் வருவார், எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் என்று அவருக்கு மனப்பாடம் என்று கதை சொன்னார். ஊசியை மறுக்கும் பழக்கமே அங்கே இல்லை என்றார். “ஆனா அவ எங்கட வீட்டுக்கு வருவா. இங்க நாங்கள் வரிசையில நிக்கோணும்.”

வரிசை என்றதும் எதிர்வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். 2021-இல் 60 தாண்டியவர்களுக்கு மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியபோது அடையாள அட்டை கேட்டார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, பான் என்று நீண்ட அந்தப் பட்டியலில் அகதி அட்டை கிடையாது. ஆதார் எடுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம் என்று மத்திய அரசின் வழிமுறை மே 6-ஆம் தேதி வந்தது. அதற்குள் இரண்டு தடவை போய்த் திரும்பியவர், மூன்றாவது தடவை போகும்போது இன்னொரு சிக்கல். ஒரு கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து, திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மருந்து தட்டுப்பாடான நேரம். ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். “இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க பெரியவரே” என்று அனுப்பிவிட்டார்களாம். செவிலியர்மேல் தப்பு சொல்ல முடியாது, வீணான மருந்துக்குக் கணக்குக் கேட்பார்கள். எழுபது வயதில் வெயிலில் மூன்று பேரைத் தேடி அலைந்தவர்மேலும் தப்பு சொல்ல முடியாது.

“கிடைச்சாங்களா?”

“ரெண்டு பேர் கிடைச்சவை.”

கடைசியில் எப்போது போட்டீர்கள் என்றேன். செப்டம்பரில் மெகா தடுப்பூசி முகாம் வந்ததே, அப்போது என்றார். முதல் மெகா முகாம் செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். பிறகு ஞாயிறு என்றால் கறி, சாராயம், அதனால் ஊசி வேண்டாம் என்று ஆட்கள் நழுவுகிறார்கள் என்று முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். நம் மக்களின் ஆட்டுக்கறிக்காக ஓர் அரசு கிழமையையே மாற்றியது. 190 எட்டு தள்ளியிருக்கும் கழிப்பறைக்கும் அதேபோல ஒரு கணக்குப் போட்டிருக்கலாம்.

இப்போது புரட்டாசி. கறிச் சாக்கும் இல்லை.

நாள் 4: செப்டம்பர் 24, சனி

புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம். நாளை மகாளய அமாவாசை. ராமேஸ்வரம் போகும் பஸ் எதிலும் காலை வைக்க இடமில்லை. ராமநாதபுரத்தில் ஒரு வேன்காரர், “தர்ப்பணமா?” என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். இல்லை, ஊசி என்றால் இறக்கிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மண்டபம் முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த இடம் 1983-இல் முளைத்தது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திவைத்த இடம் இது. இந்திய மண்ணில் சிலோன் அரசாங்கம் நடத்திய முகாம். காலரா, அம்மை இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்ப்பார்கள், துணியை ஆவியில் போடுவார்கள், அம்மை குத்துவார்கள். தேறியவர்கள் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1914-இல் பாம்பன் பாலம் வந்த பிறகு இதுதான் பெருவழி. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்களும் இங்கே வந்து தங்கித்தான் போனார்கள். பிறகு போர் அகதிகள். இந்த மார்ச்சிலிருந்து, இலங்கையில் பாலும் பெட்ரோலும் கிடைக்காமல் படகேறி வருகிறவர்கள்.

இதெல்லாம் எனக்கு ஏட்டுச் செய்தி. இன்று பார்த்த பாட்டிக்குக் குடும்பக் கதை.

அட்டையில் வயது 71. 1990-இல் படகில் வந்து இறங்கியபோது எழுதிய எழுத்தர் முகத்தைப் பார்த்துப் போட்ட வயதாம். “பத்த முழுங்கிட்டாரு” என்றார். பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில். 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வவுனியாவுக்கு ஓடி, அங்கே காடு வெட்டிக் குடியேறி, பதிமூன்று வருடம் கழித்து அங்கிருந்தும் கிளம்பியிருக்கிறார். பேச்சு முழுக்க நம்மூர்ப் பேச்சு.

“எங்கப்பா சின்னப் புள்ளையா இந்த மண்டபத்துலதான் அம்மை குத்திக்கிட்டாரு. கையில ரெண்டு காசு கணக்கா தழும்பு இருக்கும். குத்தி, காய்ச்சல் வந்து, அது எறங்குற வரைக்கும் வச்சிருந்துதான் கப்பல் ஏத்துனாங்களாம். மண்டபத்துல ஊசி குத்துனா எங்கயோ அனுப்பப் போறாங்கன்னு அர்த்தம்னு சொல்லுவாரு.”

அக்கா சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை.

முதல் இரண்டு ஊசியும் வேறு முகாமில், மகன் வீட்டில் இருந்தபோது போட்டது. அங்கே போட்டதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. மண்டபத்தில் வேண்டாம், அவ்வளவுதான். ஊருக்கு அனுப்பினால் போவீர்களா என்று கேட்டேன். எந்த ஊருக்கு என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அனுப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். பாட்டி கேட்டுக்கொண்டார். வெற்றிலையை மடித்தபடி, “நாளைக்கு வாங்க, பாப்போம்” என்றார்.

இரண்டாவது ஊசி போட்டு ஆறு மாதம் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஜூலை வரை இது ஒன்பது மாதமாக இருந்தது. சான்றிதழ் பேரன் போனில். பேரன் கோயம்புத்தூரில் பெயின்டிங் வேலையில் இருக்கிறான். அழைத்தோம், சாரத்தின் மேலே நிற்கிறானாம். ஓடிபி போனது. கையைத் துடைத்துக்கொண்டு அவன் போனைப் பார்ப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவை ஆறு எண்களில் நாலு எண் சொன்னதும் சிக்னல் போய்விட்டது. மூன்றாவது தடவை கீழே இறங்கிவந்து படித்தான். உள்ளே போனால் நாலு பெயர் இருக்கிறது, பாட்டியின் பெயர் இல்லை. கடைசியில் அக்காதான் கண்டுபிடித்தார். அவர் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் ஏறியிருந்தது. மண்டபத்தில் அம்மை குத்திக்கொண்ட அந்தச் சிறுவனுக்கு இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டதாகச் சான்றிதழ் சொல்கிறது.

இரண்டாவது டோஸ், பிப்ரவரி. ஏழு மாதம் ஆகிவிட்டது, போடலாம்.

நாள் 5: செப்டம்பர் 25, ஞாயிறு

விடியும்போதே கடற்கரையில் எள்ளும் தண்ணீரும். ராமேஸ்வரம் வரை போக முடியாத உள்ளூர்க்காரர்கள் இங்கேயே தர்ப்பணம் கொடுக்கிறார்கள். முகாம் ஆட்களும் சிலர் இருந்தார்கள். கிழக்கே பார்த்து நின்றார்கள்.

ஒன்பது மணிக்குச் செவிலியர் குளிர்பெட்டியோடு வந்தார். நேற்றிரவு அக்கா அவரிடம் இரண்டு விஷயம் பேசி வைத்திருந்தார். மேசை போட்டு வரிசை கட்டாமல் வீட்டு வாசலுக்குப் போவது. காய்ச்சல் வந்தால் ராத்திரி கூடப் படுக்க ஓர் ஆள் இருக்கிறதா என்று ஊசிக்கு முன்னாலேயே கேட்பது. துணைக்கு முகாமில் மூன்று பெண்கள் முன்வந்தார்கள். இதற்குத் துறையும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம். பெட்பேன் இரண்டு வாங்கச் சொல்லி அக்கா தன் கைப்பணம் கொடுத்தார், அதை இங்கே எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன்.

பத்துப் பேருக்கு ஊசி ஏறியது. இரண்டு பேர் கடைசிவரை வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் காரணம் சொல்லவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு செக்கிங்தான்.

பாட்டி பத்தாவது ஆள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயரைச் சரியாக ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், பேசிக்கொண்டிருந்தோம்.

“எழுதியாச்சா தம்பி?”

“ஆச்சு பாட்டி.”

“ஊரு என்னான்னு போட்ட?”

ஊர் என்ற கட்டம் நான் நிரப்பியதில் இல்லை. பெயர், பிறந்த வருடம், அட்டை எண், போன் நம்பர், அவ்வளவுதான். இதில் ஊர் கேட்கவில்லை பாட்டி என்றேன்.

“எப்ப வந்த, எந்தப் படகுல வந்த, அதெல்லாம்?”

“கேக்கல.”

“அட” என்றார். வெற்றிலைப் பையைத் திறந்து, சுண்ணாம்பு தடவி, எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பரமக்குடி வரை நின்றுகொண்டே வந்தோம். அங்கே வைத்துத்தான் முதல் நாள் விட்டுப்போன இரண்டு வயதையும் போனில் கேட்டு எழுதினேன். திருகோணமலைக்காரரின் மனைவி இன்னும் வரவில்லையாம். பேத்தி பிறந்திருக்கிறாள். மகள் இருக்கும் முகாமிலேயே அம்மாவுக்கும் மூன்றாவது ஊசி ஏற்ற முடியுமா என்று கேட்டார். அங்கே செக்கிங் என்றைக்கு என்று முதலில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.